பெங்களூரு முதல் தனுஷ்கோடி வரை: ஆட்டிசம், ஆக்டிங் டிரைவர், ஒரு சின்னப் படம்

வாசகர் கேள்வி, 2025 ஜூன் 8

சின்ன பட்ஜெட்டில் ஒரு படம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆட்டிசம் உள்ள 24 வயதுப் பையன். அம்மா இறந்துபோகிறார். அவனைப் பெங்களூருவிலிருந்து ராமேஸ்வரத்தில் இருக்கும் மாமா வீட்டில் கொண்டுபோய் விட ஒரு ஆக்டிங் டிரைவரை அமர்த்துகிறார்கள். டிரைவர் முரடன், கடன்காரன். வழியில் இருவரும் நண்பர்களாகிறார்கள், தனுஷ்கோடிக் கடற்கரையில் படம் முடிகிறது. என் நண்பன் படித்துவிட்டு, "ஆட்டிசம் இருந்தால் நட்பே வராது, அவர்கள் தனி உலகத்தில் இருப்பவர்கள், யாரும் நம்ப மாட்டார்கள்" என்கிறான். வீட்டில் ஆட்டிசம் உள்ளவர்கள் இருந்தால் சொல்லுங்கள், நம்பும்படி இருக்குமா?

ஜூன் 8, இரவு

இருக்கும். உங்கள் நண்பர் சொல்வதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை.

என் தம்பிக்கு ஆட்டிசம். முப்பதைத் தாண்டியவன். பேச்சு குறைவு. பேசினால் பெரும்பாலும் எங்கோ கேட்ட வாக்கியத்தை அப்படியே எடுத்துப் பேசுவான். வீடு பெங்களூரு அல்சூரில், பூர்வீகம் சேலத்துக்கு அந்தப் பக்கம். அப்பா ஸ்டியரிங் பிடிப்பதை நிறுத்திய பிறகு ஊருக்குப் போகவர ஆக்டிங் டிரைவர்தான். சிலர் வந்தார்கள், ஒருமுறைக்கு மேல் வரவில்லை. ஒருவர் வழி முழுக்கக் கண்ணாடியில் தம்பியையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். ரோட்டைப் பாருங்கள் என்று எத்தனை முறை சொல்வது?

அப்புறம் கோலார் தங்கவயல்காரர் ஒருவர் வந்தார். அவருடைய அப்பா சுரங்கத் தொழிலாளி. 2001-ல் சுரங்கத்தை மூடியதும் குடும்பம் பெங்களூருவுக்கு வந்துவிட்டது. இவர் வாய் ஓயாமல் பேசுகிற ஆள். தம்பிக்கோ சத்தம் ஆகாது. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அத்திப்பள்ளி தாண்டுவதற்குள் தம்பி, "பேசாதீங்க" என்றான். கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. டிரைவர் "சரி சார்" என்றார். முகம் சுருங்கவில்லை. என் பக்கம் திரும்பி உச்சுக்கொட்டவில்லை. கிருஷ்ணகிரி வரை வாயே திறக்கவில்லை, ஒன்றைத் தவிர. வேகத்தடையோ பள்ளமோ வந்தால் பின்னால் இருப்பவர்களுக்குச் சொல்வது அவர் பழக்கம். "மேடு வருது சார்." அதை மட்டும் அவரால் விட முடியவில்லை. தம்பியும் தடுக்கவில்லை. அவர் சொன்னதும் முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொள்வான், வண்டி ஏறி இறங்கியதும் விடுவான். இப்படியே ஊர் போய்ச் சேர்ந்தோம்.

இறங்கி வீட்டுக்குள் போனவன் திரும்பி வந்து டிரைவர் பக்கக் கதவருகே நின்றான். ஏன் நிற்கிறான் என்று எனக்குப் புரியவில்லை. அவருக்குப் புரிந்தது. "நாளைக்குக் காலையில ஆறு மணிக்குக் கிளம்பறோம் சார்" என்றார். உடனே உள்ளே போய்விட்டான்.

இதற்கு நட்பு என்ற பேரைத் தவிர வேறு என்ன வைப்பது? அந்த வழியில் அவரே வேண்டும் என்று தம்பியும், இந்த வீட்டு ட்ரிப் என்றால் மற்றதைத் தள்ளிவைத்துவிட்டு வருகிறேன் என்று அவரும் ஆகிப் பல வருஷம் ஆகிறது.

ஜூன் 8, கொஞ்சம் கழித்து

கதையில் அம்மாவைக் கொல்லாதீர்கள். இப்படிப்பட்ட கதைகளில் அம்மா ஒன்று முதல் பத்து நிமிடத்தில் செத்துப்போவார், இல்லாவிட்டால் பிள்ளையைச் சுமையாக நினைக்கும் கல்நெஞ்சக்காரியாக இருப்பார். பிள்ளைக்கு ஆட்டிசம் வந்ததே அம்மாவின் பாசக் குறைவால்தான் என்று ஒரு காலத்தில் படித்தவர்களே சொன்னார்கள். புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் அதைப் புத்தகமாகவே எழுதிப் பிரபலமாக்கினார். 1964-லேயே பெர்னார்ட் ரிம்லாண்ட், தானும் ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் தகப்பன், அது தவறு, இது உடம்பு சார்ந்தது என்று விரிவாக எழுதிவிட்டார். அறுபது வருஷம் ஆகியும் எங்கள் அம்மாவிடம் "நீ வேலைக்குப் போனதால்தான்" என்று சொன்ன சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் கதையில் அம்மா உயிரோடு இருக்கட்டும். மூட்டு வலியால் நீண்ட தூரம் உட்கார முடியாது, அதனால் வரவில்லை என்று வையுங்கள். மணிக்கு ஒருமுறை போன் வரட்டும், டிரைவர் எரிச்சலோடு எடுக்கட்டும். அதிலிருந்தே உங்களுக்குப் பாதி வசனம் கிடைக்கும்.

ஜூன் 10

மேலே ஒருவர், 'ரெயின் மேன்' என்ற ஹாலிவுட் படத்தைப் பார்த்தாலே ஆட்டிசம் புரிந்துவிடும், அதற்கு மேல் என்ன எடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்.

நல்ல படம்தான். 1988-ல் வந்தது, சிறந்த படம் உட்பட நான்கு ஆஸ்கர். ஆனால் அதைப் பாடப்புத்தகமாக எடுத்துக்கொண்டால் தொல்லை. திரைக்கதை எழுதிய பாரி மாரோவுக்கு அந்தப் பாத்திரம் தோன்றக் காரணமாக இருந்தவர் கிம் பீக். அவருக்கு இருந்தது ஆட்டிசம் இல்லை. மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் பெரிய நரம்புக் கற்றை இல்லாமலே பிறந்தவர், ஆயிரக்கணக்கான புத்தகங்களை நினைவில் வைத்திருந்தவர். அந்த நினைவாற்றலைத் திரைக்கதை ஓர் ஆட்டிசப் பாத்திரத்துக்குக் கொடுத்தது. அன்று முதல் உலகத்துக்கே ஆட்டிசம் என்றால் கணக்குப் புலி என்று ஆகிவிட்டது.

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் காபி குடித்து முடிப்பதற்குள் கேட்கும் கேள்வி, "இவனுக்கு ஸ்பெஷலா என்ன வரும்?" அப்படிப்பட்ட அபாரத் திறமை ஆட்டிசம் உள்ளவர்களில் சிறுபான்மையினருக்குத்தான் உண்டு. என் தம்பிக்கு அப்படி எதுவும் வராது. எதுவும் வராத ஒருவனை மதிக்கக் கற்றுக்கொடுக்கும் படம் இன்னும் வரவேண்டியிருக்கிறது. உங்கள் பையன் டோல்கேட் கட்டணத்தை மனக்கணக்காகக் கூட்டிச் சொல்லும் காட்சி இருந்தால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

அந்தப் படத்திலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அதில் ஆட்டிசம் உள்ள அண்ணனும் அவர் தம்பியும் ஏன் காரில் போகிறார்கள்? அண்ணன் விமானத்தில் ஏற மாட்டேன் என்கிறார், அதனால். பயணத்தின் முறையை முடிவு செய்வது ஆட்டிசம் உள்ளவர்தான். உங்கள் கதையில் பையன் பார்சல் மாதிரி அனுப்பப்படுகிறான். அவனுக்கு அங்கே போக ஒரு சொந்தக் காரணம் கொடுங்கள். ரயில் பைத்தியம் மட்டும் வேண்டாம், எல்லாரும் அதையே வைக்கிறார்கள். என் தம்பிக்கு ஊர் வீட்டுத் தொட்டி. மோட்டார் போட்டதும் குழாயிலிருந்து தண்ணீர் தொட்டியில் விழும் சத்தம், அதுவும் தொட்டி கால்வாசி நிரம்பும் வரைக்கும்தான், அதற்கு மேல் சத்தம் மாறிவிடும், எழுந்துவிடுவான். அதற்காகவே அவ்வளவு தூரம் வருகிறான். பாட்டியைப் பார்க்க வருகிறான் என்று ஊரே நினைத்தது, பாட்டியும் கடைசி வரை அப்படித்தான் நினைத்துச் சந்தோஷப்பட்டார்.

ஜூன் 11

வழியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள்.

ஓசூர் ரோட்டில் கிளம்புகிறீர்கள். மனநலத்துக்கும் நரம்பு நோய்களுக்குமான பெரிய மருத்துவமனை நிம்ஹான்ஸ் அந்த ரோட்டில்தான் இருக்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் பக்கத்திலிருந்து எத்தனையோ குடும்பங்கள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முதல்முறை டாக்டரைப் பார்க்க இதே வழியில்தான் வருகின்றன. உங்கள் வண்டி அதே ரோட்டில் எதிர்த்திசையில் போகிறது. அந்த மதில் ஜன்னலில் ஓடி மறையட்டும், வசனம் வேண்டாம். தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

சில்க் போர்டு நெரிசல் தாண்டியதும் எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம். கிட்டத்தட்ட பத்து கிலோமீட்டர், 2010-ல் திறந்தது. பாலத்துத் தூண்களுக்கு மேலே தளம் இணையும் இடங்களில் டயர் ஏறும்போது ஒரே இடைவெளியில் தடக் தடக் என்று கேட்டுக்கொண்டே வரும். தம்பி அதற்குத் தகுந்தபடி முன்னும் பின்னும் ஆடுவான். தெரியாதவர் பார்த்தால் ஏதோ ஆகிவிட்டது என்று நினைப்பார்கள். அவன் வழியிலேயே நிம்மதியாக இருக்கும் இடம் அது. டிரைவருக்கு அது தெரிந்த பிறகு பாலத்தில் வேகத்தைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. வேகம் மாறினால் தாளம் மாறுமே.

தொப்பூர் கணவாயை விட்டுவிடாதீர்கள். தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவில் நீண்ட இறக்கம், அடிக்கடி விபத்து நடக்கும் இடம். டீசல் மிச்சம் பிடிக்க லாரிகளை நியூட்ரலில் இறக்குவார்கள், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். நம் ஆள் கியரைக் குறைத்துவிட்டு எஞ்சின் பிடியிலேயே இறக்குவார். வண்டி ஒரே சுருதியில் உறுமும். தம்பி வாயை மூடிக்கொண்டு அதே சுருதியில் ம்ம்ம் என்பான். முதல்முறை டிரைவர் பயந்துபோய் ஓரம் கட்டப் பார்த்தார். "வேண்டாம், ஓட்டுங்க, பிடிச்சிருக்கு அவனுக்கு" என்றேன். இப்போதெல்லாம் இறக்கம் தொடங்கும்போது அவரே ஆரம்பித்து வைக்கிறார். இரண்டு பேரும் ம்ம்ம் என்றபடியே இறங்குவார்கள், அப்பா மட்டும் முன்சீட்டில் கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஜூன் 15, ஞாயிறு

சாப்பாடு. சாலைப் பயணப் படம் என்றால் தாபாவில் இறங்கிச் சிரித்துச் சாப்பிடும் காட்சி கட்டாயம் உண்டு. எங்களுக்கு அந்தக் காட்சிதான் மிகக் கஷ்டமானது.

நெடுஞ்சாலை ஓட்டலில் மேஜை துடைக்கும் பையன் எச்சில் டம்ளர்களை மொத்தமாக எவர்சில்வர் தொட்டியில் கவிழ்ப்பான் பாருங்கள், அந்தச் சத்தம். அது போதும். கூடவே சட்னி மிக்ஸி, கை கழுவும் இடத்தில் கை உலர்த்தும் மிஷின், டி.வி.யில் பாட்டு, பினாயில் வாசம். நமக்கு இவை பின்னணி. அவனுக்கு எல்லாம் ஒரே நேரத்தில், ஒரே அளவில் வரும். ஒலி, ஒளி, தொடுதல் இவற்றில் இருக்கும் இந்த வித்தியாசத்தை ஆட்டிசத்தைக் கண்டறியும் அளவுகோலில் சேர்த்தது 2013-ல் வந்த டி.எஸ்.எம்.-5 என்ற அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு. குடும்பங்களுக்கு அது வெகு காலமாகத் தெரிந்த விஷயம்.

ஒருமுறை ஓர் ஓட்டலில் உட்கார்ந்து இலை போட்ட பிறகு, எதையும் தாங்க முடியாமல் உடைந்துபோகும் மெல்ட்டவுன் வந்துவிட்டது. காதைப் பொத்திக்கொண்டு கத்தினான், தலையைச் சுவரில் இடித்துக்கொண்டான். இதை அடம் என்று எழுதாதீர்கள். அடம் பிடிக்கிறவன் யாராவது பார்க்கிறார்களா என்று பார்ப்பான். இவன் எதையும் பார்க்கும் நிலையில் இல்லை. கல்லாவில் இருந்தவர், "வெளியே கூட்டிட்டுப் போங்க, கஸ்டமர்ஸ் பயப்படறாங்க" என்றார். டிரைவர் அதற்குள் கார் கதவைத் திறந்து, ஏ.சி. போட்டு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வண்டியைத் தள்ளி ஒரு புளியமரத்தடியில் நிறுத்தியிருந்தார். அவனைத் தொடவில்லை. "ஒண்ணுமில்ல ஒண்ணுமில்ல" என்று பேசவில்லை. கதவைத் திறந்துவைத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றார். தம்பி தானாகவே ஏறிக்கொண்டான்.

அது முதல் வண்டியில்தான் சாப்பாடு. வீட்டிலிருந்து தயிர்சாதம், டிபன் பாக்ஸ் மாறக் கூடாது. டிரைவரும் அதே தயிர்சாதம்தான். அவருக்குப் பிரியாணிதான் உயிர், சேலம் போன பிறகு தனியாகப் போய்ச் சாப்பிட்டுக்கொள்வார். நட்பு எங்கே தெரிகிறது என்று கேட்டால் இந்தத் தயிர்சாதத்தைக் காட்டுவேன்.

இன்னொன்று, உங்கள் கதையில் போலீஸ் காட்சி இருக்கிறது என்றீர்கள், காமெடியாக. யோசித்துப் பாருங்கள். ராத்திரி ஒரு சோதனைச் சாவடியில் எங்களை நிறுத்தினார்கள். தம்பி ஆடிக்கொண்டிருந்தான், கேட்டதற்குப் பதில் இல்லை. குடித்திருக்கிறானா, வேறு ஏதாவது போட்டிருக்கிறானா என்று டார்ச்சை முகத்தில் அடித்தார்கள். "அவர் பேச மாட்டார் சார், வெளிச்சம் ஆகாது, என்னைக் கேளுங்க" என்றார் டிரைவர். கேட்டுவிட்டு அனுப்பினார்கள். சேலத்தில் இறங்கியதும் என்னிடம் வந்து, "அக்கா, அவர் பாக்கெட்ல ஒரு கார்டு போட்டு வைங்க, உங்க நம்பரோட. நான் இல்லாத நாள்ல யார் சொல்லுவா?" என்றார். இப்போது மாற்றுத்திறனாளி அட்டையின் நகல் எப்போதும் சட்டைப்பையில் இருக்கிறது. 2018-ல் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவி, பெங்களூருவிலும் தமிழ்நாட்டிலும் அப்பாவிகளைக் கூட்டம் அடித்தே கொன்றது நினைவிருக்கிறதா? தெரியாத ஊரில், கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் ஓர் ஆண் நின்றால் என்ன ஆகும் என்ற பயம் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் குடியிருக்கிறது. அந்தக் காட்சியில் பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரக் கூடாது.

ஜூன் 16

ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: "என் மகனுக்கு ஏழு வயது. ஒரு வார்த்தை பேசவில்லை. நீங்கள் சொல்வதெல்லாம் கொஞ்சமாவது பேசுகிறவர்களுக்குத்தானே?"

இல்லைங்க. என் தம்பி அந்த டிரைவரிடம் பேசிய வார்த்தைகளை எல்லாம் சேர்த்தாலும் ஒரு பக்கம் வராது. கதவருகே வந்து நின்றான் என்று எழுதினேனே, அதில் பேச்சே இல்லை. ஒருவருக்கு இருப்பது போல் இன்னொருவருக்கு இருக்காது, உங்கள் மகனை நான் பார்த்ததில்லை, அதனால் எப்படி வருவான் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. பேச்சு வரும் வரை காத்திருக்காமல், படம் காட்டிச் சொல்வதையோ, சென்னையில் உருவான ஆவாஸ் போன்ற செயலியையோ இப்போதே தெரபிஸ்டிடம் கேளுங்கள். படத்தைக் காட்டினால் பேச்சு வராமல் போய்விடும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். எங்களையும் அப்படிப் பயமுறுத்தினார்கள். தம்பிக்கு வேண்டியதைக் கேட்க வழியில்லாமல் போன அந்த வருஷங்களை நினைத்தால் இன்றைக்கும் ஆறவில்லை.

படம் எடுக்கிறவருக்கும் இதில் ஒன்று இருக்கிறது. உங்கள் பையன் இடைவேளைக்குப் பிறகு நீளமாக ஒரு வசனம் பேசுகிறான். பேசினால்தான் மனிதன் என்று ஆகிவிடுகிறது. ஏழு வயது மகனோடு அந்த அம்மா தியேட்டரில் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தைத் திரும்பப் படியுங்கள்.

ஜூன் 21

முதல் குறிப்பில் தம்பி கேட்ட வாக்கியத்தையே திருப்பிச் சொல்வான் என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். அதை விரிக்க வேண்டும், உங்கள் வசனத்துக்கு உதவும்.

எக்கோலாலியா என்பார்கள். முன்பெல்லாம் அதை அர்த்தமில்லாத கிளிப்பேச்சு என்று சொல்லி நிறுத்தப் பார்த்தார்கள். பாரி பிரிசன்ட் போன்ற ஆய்வாளர்கள் 1980-களின் தொடக்கத்திலேயே பிள்ளைகள் பேசுவதைப் பதிவு செய்து ஆராய்ந்து, அதில் கேட்பது, மறுப்பது, முறை வைத்துப் பேசுவது எல்லாம் இருக்கிறது என்று காட்டினார்கள்.

எங்கள் சித்தி மகள் கல்யாணம். மண்டப வாசலில் நாதஸ்வரம், தவில், ஜெனரேட்டர். தம்பி படியில் கால் வைக்காமல் நின்றுவிட்டான். "மேடு வருது சார்" என்றான். அங்கே மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கஷ்டமான ஒன்று வருகிறது, பிடித்துக்கொள்ள ஏதாவது கொடு என்று அவன் முதல்முறையாக வாய்விட்டுச் சொல்கிறான். கையை நீட்டினேன். பிடித்துக்கொண்டு ஏறினான், மணமேடையைப் பார்த்தான், இறங்கினான். அதன் பிறகு பல் டாக்டர் வாசலில், லிப்ட் முன்னால், இடி இடிக்கும் நேரத்தில் எல்லாம் அந்த வாக்கியம்தான். வருஷக்கணக்கில் ஸ்பீச் தெரபியில் வராதது ஒரு டிரைவரின் தொழில் பழக்கத்திலிருந்து வந்தது. அவரிடம் சொன்னபோது, "நான் எல்லாருக்கும் சொல்றதுதானே அக்கா" என்றார். அதனால்தான் வந்தது என்று நினைக்கிறேன். அவனுக்கென்று தனியாகச் சொல்லிக்கொடுக்க அவர் முயற்சி செய்யவே இல்லை.

உங்கள் நண்பரின் "தனி உலகம்" பேச்சுக்கும் இங்கேயே பதில். டேமியன் மில்டன் என்பவர், தானே ஆட்டிசம் உள்ள ஆய்வாளர், 2012-ல் ஒன்று எழுதினார். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மற்றவர்களைப் புரியவில்லை என்கிறீர்களே, மற்றவர்களுக்கு ஆட்டிசம் உள்ளவர்களைப் புரிகிறதா? புரியாமை இருபக்கமும்தான் என்றார். 2020-ல் கேத்தரின் கிராம்டனும் சக ஆய்வாளர்களும் ஒரு கதையை ஒருவர் காதிலிருந்து அடுத்தவருக்கு வரிசையாகச் சொல்லவைத்துப் பார்த்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டுமே இருந்த வரிசையில் கதை மற்றவர்களின் வரிசையில் போன அளவுக்கே நன்றாகப் போனது. இருவகையினரும் கலந்த வரிசையில்தான் அதிகம் உதிர்ந்தது. உங்கள் காருக்குள் இருப்பது அந்தக் கலந்த வரிசை. படத்தின் சுவையே அதில்தான். பையனைப் புரிந்துகொள்ள டிரைவர் படும் பாட்டை மட்டும் காட்டினால் பாதிக் கதை. கடன் கொடுத்தவரின் போனை டிரைவர் மறைத்துச் சிரிப்பதும், "வந்துட்டே இருக்கேன்" என்று பொய் சொல்வதும் பையனுக்கு எப்படி இருக்கும்? புரிந்துகொள்ள அவனும் முயற்சி செய்கிறான் என்பதைக் காட்டுங்கள்.

அப்புறம் இது. கிருஷ்ணகிரிக்கு முன்னால் ஒருமுறை தம்பி "சத்தம் மாறிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். நிறுத்திப் பார்த்தால் பின் டயரில் ஆணி, காற்று இறங்கிக்கொண்டிருந்தது. நடந்தது உண்மை. ஆனாலும் உங்கள் படத்தில் இதை வைக்காதீர்கள். வைத்தால், அவன் எல்லார் உயிரையும் காப்பாற்றினான், அதனால் டிரைவருக்கு அவன் மேல் மரியாதை வந்தது என்று ஆகிவிடும். டிரைவருக்கு அதற்கு வெகு முன்பே மரியாதை இருந்தது. "பேசாதீங்க" என்றதற்குச் சரி என்றாரே, அப்போதே.

ஜூன் 29

யார் நடிப்பது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். ஆட்டிசம் உள்ள ஒருவரே நடிக்கட்டும் என்பது என் ஆசை. பெரிய கம்பெனிகளை விட உங்களால் அது முடியும். உங்களிடம் பணம் இல்லாததே இங்கே வசதி. காருக்குள் ஒரு சின்னக் கேமரா, நாலு பேர், ஜெனரேட்டர் இல்லை, நூறு பேர் கத்தும் செட் இல்லை. கிளாப் அடிப்பதை விட்டுவிட்டுக் கையைக் காட்டுங்கள். அன்றன்று எடுக்கப்போவதை முந்தின நாளே படமாக வரைந்து கையில் கொடுங்கள், வரிசையை மாற்றாதீர்கள். கதை நடக்கும் வரிசையிலேயே வழியில் எடுத்துக்கொண்டு போனால் அவருக்கும் குழப்பம் இல்லை. ஒரே காட்சியைப் பத்து டேக் எடுக்க முடியாது என்று இப்போதே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

ஆள் கிடைக்காவிட்டால்? எழுதும்போதும் எடிட்டிங்கிலும் ஆட்டிசம் உள்ள ஒருவர் உட்காரட்டும், சம்பளத்தோடு. பெங்களூருவில் ஐ.டி. வேலையிலேயே அப்படி எத்தனையோ பேர் இருக்கிறார்கள், பலர் அலுவலகத்தில் சொல்லவில்லை. ஒரு சிறப்புப் பள்ளிக்குப் போய் அரை நாள் பிள்ளைகளைப் பார்த்து, கை உதறுவதைப் படம் பிடித்துக்கொண்டு வந்து நடிகருக்குப் போட்டுக் காட்டும் வேலை மட்டும் வேண்டாம். அந்தப் பிள்ளைகள் உங்கள் பயிற்சிப் பொருள் கிடையாது.

நடுவில் ஒருவர், ஆட்டிசத்துக்குச் சட்டத்தில் இடம் உண்டா என்று கேட்டார், அதற்கும் சுருக்கமாக. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995 சட்டத்தின் பட்டியலில் ஊனங்கள் ஏழு, அதில் ஆட்டிசம் இல்லை. 1999-ல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் பேர் சொல்லிச் சேர்த்தது. 2016 சட்டம் பட்டியலை 21 ஆக்கியது, ஆட்டிசம் அதில் இருக்கிறது. 18 வயதுக்குப் பிறகு காப்பாளர் நியமனம் மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர்க் குழு வழியாக. உங்கள் கதையில் மாமா தன்னிஷ்டத்துக்குச் சொத்தை எழுதி வாங்குவதாக வருகிறதே, அது அவ்வளவு எளிதில் நடக்காது. சரி பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஜூலை 6

நீங்கள் அனுப்பிய கடைசிக் காட்சியைப் படித்தேன். அம்மாவை உயிரோடு விட்டதற்கு நன்றி. போனில் வரும் அந்த அம்மா உங்கள் கதையிலேயே நன்றாக வந்திருக்கிறார்.

தனுஷ்கோடி மட்டும் இடிக்கிறது. அரிச்சல்முனையில் கடலைப் பார்த்தபடி பையன் முதல்முறையாக டிரைவரைக் கட்டிப்பிடிக்கிறான், டிரைவர் அழுகிறார், நான் உன்னால்தான் மனுஷன் ஆனேன் என்கிறார். படம் முழுக்கத் தொடுவது பிடிக்காமல் இருந்தவன் கடைசியில் கட்டிப்பிடித்தால், அதுவரை இருந்தது குறை, இப்போதுதான் சரியானான் என்றுதான் அர்த்தமாகிறது. அவன் சரியாக வேண்டியதில்லை. டிரைவர் மனிதனாவதற்காக அவன் பிறக்கவும் இல்லை. டிரைவருக்குக் கடன் அப்படியே இருக்கட்டும், அடுத்த மாதத் தவணை கட்ட வேண்டியிருக்கட்டும்.

அந்த இடத்தில் காற்று பயங்கரமாக அடிக்கும், மணல் முகத்தில் குத்தும். பையனுக்கு இறங்கவே பிடிக்காது என்று நினைக்கிறேன். ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டி வந்த மாதிரி களைத்துப்போன டிரைவருக்கு இறங்க ஆசையாக இருக்கும். அங்கே என்ன செய்வார்கள் என்று எழுதிப் பாருங்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடலாம். டிரைவர் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், பையன் வண்டியைப் பார்த்துக்கொள்ளலாம். எதுவானாலும் இருவரும் பேசி முடிவு செய்யட்டும், பையன் வேண்டாம் என்றால் அந்த வேண்டாம் செல்லட்டும்.

அடுத்து, திரும்பி வருவதை எழுதுங்கள். மாமா வீட்டில் விட்டதோடு கதை முடிகிறதே, அவனுக்கு அங்கே இருக்க இஷ்டமா என்று யாராவது கேட்டார்களா? கேட்கும் ஆள் டிரைவராக இருந்தால் உங்களுக்கு இன்னும் இருபது நிமிடப் படம் இருக்கிறது. மாற்றி எழுதியதை அனுப்புங்கள். டிரைவர் அண்ணனிடமும் சொல்லியிருக்கிறேன், வண்டி ஓட்டும் காட்சிகளை அவர் படித்துப் பார்க்கிறேன் என்றார். தொப்பூரில் உங்கள் ஆள் நான்காவது கியரில் இறங்குவதாக எழுதியிருக்கிறீர்களாம், முதலில் அதை மாற்றச் சொன்னார்.